முறிவில்லை என்றார்கள், ஆனால் கை விறைக்கிறது: தவறவிடப்படும் கை மூட்டு விலகல்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். 2009 இல் செல் விழுந்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலுடன் நடப்பார். பக்கச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டியில் கடை தெருவுக்குப் போய்வருவார். வீட்டில் சட்டை தைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். ஒரு மாரிகால இரவில் மாடுகள் வீதிக்குக் குறுக்கே ஓட, ஸ்கூட்டி பிரண்டது. தூக்கி எறியப்பட்டவர் வலது உள்ளங்கையை ஊன்றியபடி விழுந்தார்.

அன்றிரவே பக்கத்தில் இருந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. முறிவு இல்லை, சுளுக்குத்தான் என்று சொல்லி, வலி மாத்திரையும் பண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள். வீக்கம் வற்றவில்லை. ஐந்தாம் நாள் ஊரில் உள்ள முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போட்டுக் கட்டினார். இரண்டாவது வாரம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து ஊசியை எடுத்தபோதுதான் விடயம் விளங்கியது. ஊசி விரலில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்துப்போயிருந்தன.

விழுந்து 24ஆம் நாள், நகரத்தில் உள்ள பெரிய வைத்தியசாலையின் கிளினிக்குக்கு நான் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் வைத்தியர் இரண்டு காரியங்கள்தான் செய்தார். எந்தெந்த விரல் விறைக்கிறது என்று ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டார். பிறகு, மணிக்கட்டைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தில், மணிக்கட்டின் நடுவில் இருக்கவேண்டிய ஒரு சின்ன என்பு உள்ளங்கைப் பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. முதல் நாளிலிருந்தே அது அப்படித்தான் கிடந்திருக்கிறது.

“தம்பி, கால் போனபிறகு இந்தக் கைதான் எனக்குக் காலும். இதுவும் போச்செண்டால் நான் என்ன செய்யிறது?” என்று வெளியே வந்ததும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் வைத்தியர் அல்ல. அதன் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும், வாசித்தும் தெரிந்துகொண்டவற்றை, இன்னொரு அக்காவுக்கு 24 நாட்கள் வீணாகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இதில் முதலில் சொல்லவேண்டியது இதுதான். “முறிவு இல்லை” என்பதும் “காயம் இல்லை” என்பதும் ஒன்றல்ல. என்பு முறியாமலேயே தன் இடத்தை விட்டு விலகலாம். கையில் ஏற்படும் சில விலகல்கள் அரிதானவை என்பதாலேயே கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

27 என்புகள், ஒரு கை

ஒரு கையில் மணிக்கட்டு உட்பட 27 என்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8 சிறிய என்புகள் இரண்டு வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளங்கைக்குள் 5 நீள என்புகள். விரல்களில் 14. இவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை உறுதியான இணைப்பு நார்கள். விழும்போது என்பு தாங்கி நார் அறுந்துவிட்டால், மூட்டு விலகும். சில வேளைகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

விரல் மூட்டு விலகல் நம் எல்லோருக்கும் பழக்கமானது. கரப்பந்தாட்டம் நடக்கும் எந்த மைதானத்திலும் பார்க்கலாம். விரல் பின்பக்கமாகப் பிசகும், பக்கத்தில் நிற்பவர் பிடித்து இழுப்பார், “டக்” என்று இருக்கும், ஆட்டம் தொடரும். பெரும்பாலான வேளைகளில் அது சரியாகியும் விடுகிறது. அந்தப் பழக்கம்தான் அரிதான விலகல்களில் ஆபத்தாகிறது. ஏனென்றால், சில மூட்டுக்களை இழுத்தால் நிலைமை மோசமாகும். சிலவற்றில் வெளியே எந்தக் கோணலும் தெரியாது.

கவிழ்ந்த கோப்பை: மணிக்கட்டு விலகல்

அக்காவுக்கு நடந்தது இதுதான். மணிக்கட்டின் 8 என்புகளில் நடுநாயகமாக இருப்பதை லூனேட் என்பார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் பிறைச் சந்திரன் போல இருப்பதால், சந்திரனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் வந்த பெயர். அந்தப் பிறையின் குழிக்குள் மேல்வரிசையின் பெரிய என்பு, கோப்பைக்குள் முட்டை போல உட்கார்ந்திருக்கும்.

மோட்டார் சைக்கிளில் இருந்து எறியப்படுதல், பனையில் அல்லது கூரையில் இருந்து விழுதல் போன்ற பலமான அடிகளில், கை பின்னோக்கி மடங்கியபடி ஊன்றும்போது, பிறையென்பைச் சுற்றியுள்ள நார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. முதல் கட்டத்தில் மற்ற என்புகள் எல்லாம் பிறையென்பை விட்டுப் பின்னால் நகர்கின்றன. அடி இன்னும் பலமாக இருந்தால், பிறையென்பே தன் இடத்தில் இருந்து தள்ளப்பட்டு உள்ளங்கைப் பக்கமாகக் கவிழ்கிறது.

அது கவிழும் இடம்தான் பிரச்சினை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு ஒடுங்கிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்களும், நடு நரம்பு என்று சொல்லப்படும் முக்கியமான நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்வு இந்த நரம்பில் தங்கியிருக்கிறது. விலகிய என்பு அதை நெரிக்கும்போது இந்த விரல்கள் விறைக்கும். அக்கா ஊசியை உணராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் காயம் தவறவிடப்படுவது நமது ஊரில் மட்டும் நடப்பதல்ல. பிரான்சின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹெர்ஸ்பேர்க்கும் சகாக்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், பல வைத்தியசாலைகளில் இவ்வகைக் காயத்துக்குச் சிகிச்சை பெற்ற 166 பேரின் விபரங்கள் தொகுக்கப்பட்டன. நால்வரில் ஒருவருக்குத் தொடக்கத்தில் காயம் கண்டுபிடிக்கப்படவில்லை. வசதிகள் நிறைந்த இடங்களிலும் நிலைமை அதுதான். இரவு நேரத்தில் தனியாளாக நிற்கும் ஒரு வைத்தியரைக் குறைசொல்வதால் பயனில்லை. எதைக் கேட்கவேண்டும் என்று நாம் தெரிந்துவைத்திருப்பதில் பயன் இருக்கிறது.

முன்பக்கமாக எடுக்கப்படும் எக்ஸ்ரேயில் இந்த விலகல் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பழகிய கண்ணுக்கு அதிலும் அறிகுறிகள் உண்டு. மணிக்கட்டு என்புகளின் ஓரங்கள் சீரான மூன்று வளைகோடுகளாக ஓடவேண்டும் என்று 1979 இல் கிலூலா என்ற கதிரியக்க நிபுணர் விளக்கினார். அந்தக் கோடுகள் உடைந்திருந்தாலோ, நாற்பக்கமாகத் தெரியவேண்டிய பிறையென்பு முக்கோணமாகத் தெரிந்தாலோ சந்தேகப்படவேண்டும். ஆனால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் விடயம் வெளிப்படையாகத் தெரியும். முன்கை என்பு, பிறையென்பு, அதன் குழிக்குள் உள்ள என்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கோப்பை கவிழ்ந்திருந்தால் அந்தக் கோடு உடைந்துவிடும்.

சிகிச்சைக்கு இரண்டு படிகள். முதலாவது, விலகியதை உடனடியாகத் திருப்பி வைத்து நரம்பின் நெரிவை எடுப்பது. மயக்கம் அல்லது விறைப்பு மருந்து கொடுத்து, கையைச் சில நிமிடங்கள் இழுத்துத் தொங்கவிட்டு, தசைகள் தளர்ந்தபின் என்பை இடத்துக்குத் தள்ளுவார்கள். இது காயத்தின் தொடக்க நாட்களில்தான் இலகு. இரண்டாவது படி சத்திரசிகிச்சை. திருப்பி வைத்த என்புகள் பிளாஸ்டரில் மட்டும் நிலைத்திருப்பது அபூர்வம். ஆகவே அறுந்த நார்களைத் தைத்து, மெல்லிய உலோகக் கம்பிகளால் என்புகளைப் பிடித்து வைப்பார்கள். கம்பிகள் பொதுவாக எட்டு வாரமளவில் எடுக்கப்படும். அதன் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. சரியான நேரத்தில் செய்தாலும் மணிக்கட்டு பழையபடி முழுமையாக வளைவதில்லை. பிடியின் பலமும் ஓரளவு குறையும். தாமதமானால் இழப்பு இன்னும் கூடும்.

மொளி உள்ளே போனால்: உள்ளங்கை என்புகளின் அடி

கையைப் பொத்திப் பிடித்தால் நான்கு மொளிகள் வரிசையாகத் தெரியும். இந்த நீள என்புகளின் மறுமுனை மணிக்கட்டோடு சேரும் இடத்திலும் விலகல் ஏற்படலாம். சின்னி விரல், மோதிரவிரல் பக்கத்தில்தான் அதிகம். மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடியே மோதும்போது நடக்கும். கோபத்தில் சுவரில் குத்துபவர்களுக்கும் நடக்கும். கையில் ஏற்படும் காயங்கள் எல்லாவற்றையும் எடுத்தால், இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

புறங்கை முழுவதும் வீங்கிவிடுவதால் என்பின் மேடு மறைந்துவிடும். முன்பக்க எக்ஸ்ரேயில் என்புகள் ஒன்றோடொன்று படிந்து, எல்லாம் சரி போலத் தோன்றும். பக்கவாட்டுப் படமும், கையைச் சற்றுச் சரித்து எடுக்கும் படமும் தேவை. வீட்டில் கவனிக்கக்கூடிய அறிகுறி ஒன்று: மற்றக் கையோடு ஒப்பிடும்போது ஒரு மொளி உள்ளே போனதுபோல் இருக்கும். விரல்களை அகல விரிக்க முடியாமல் இருந்தால் நரம்பும் அடிபட்டிருக்கலாம்.

முதல் நாட்களில் இதைத் திருப்பி வைப்பது கடினமல்ல. ஆனால் வைத்தால் நிற்காது. ஆறு வாரமளவுக்குக் கம்பி போட்டுப் பிடித்து வைப்பது வழக்கம். விட்டுவிட்டால், பிடிக்கும்போதெல்லாம் வலிக்கும் ஒரு கை மிஞ்சும். மண்வெட்டியோ ஊன்றுகோலோ பிடித்துத்தான் சீவிக்கவேண்டும் என்றால், அது சிறிய விடயமல்ல.

இழுக்கக்கூடாத சுட்டுவிரல்

விரல் உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டு விலகும்போது ஒரு முரண் இருக்கிறது. விரல் செங்குத்தாகப் பின்னால் எழும்பி நின்றால், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது எளிய விலகல். வைத்தியர் திருப்பி வைத்துவிடலாம். விரல் சற்றே பின்னால் சாய்ந்து, பக்கத்து விரலை நோக்கித் திரும்பி, உள்ளங்கைத் தோலில் ஒரு சிறு குழி விழுந்திருந்தால், அதுதான் சிக்கலானது.

1957 இல் நியூயோர்க்கின் எமானுவேல் கப்லான் இதன் உட்கூற்றை விளக்கினார். உள்ளங்கை என்பின் தலை, சட்டைப் பொத்தான் துளைக்குள்ளால் வெளியே வருவதுபோல, தசைநாண்களுக்கும் நார்களுக்கும் இடையால் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. மூட்டின் முன்பக்கத் தட்டு கிழிந்து இடையில் புகுந்துவிடுகிறது. இழுத்தால் அந்தச் சுருக்கு இன்னும் இறுகும். எளிய விலகலாக இருந்ததும், தெரியாதவர் இழுத்ததால் சிக்கலானதாக மாறலாம். வைத்தியர் எளிய விலகலைத் திருப்பும்போதும் நேராக இழுப்பதில்லை. மணிக்கட்டை மடக்கித் தசைநாண்களைத் தளர்த்தி, விரலின் அடியை முன்னோக்கித் தள்ளித்தான் வைப்பார். சிக்கலானதற்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். இது சுட்டுவிரலில்தான் அதிகம். பிள்ளைகள் கையூன்றி விழும்போதும் ஏற்படும்.

ஒரே மூட்டு, இரண்டு எதிரான சிகிச்சைகள்

விரலின் நடுமூட்டு பின்பக்கமாக விலகுவது வழமையானது. திருப்பி வைத்து, எக்ஸ்ரேயில் சரி என்று கண்டபின், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி, விரைவிலேயே அசைக்கச் சொல்வார்கள். அசைக்காமல் நெடுநாள் கட்டிவைத்தால் விரல் இறுகிவிடும்.

அதே மூட்டு உள்ளங்கைப் பக்கமாக விலகுவது அரிது. அதில் விரலை நிமிர்த்தும் நடுத் தசைநாண் அறுந்துவிடும். இதற்கு நேர் எதிரான சிகிச்சை தேவை. நடுமூட்டை நேராக வைத்து ஆறு வாரமளவில் கட்டிவைக்கவேண்டும். விரல் நுனியை மட்டும் மடக்கி நிமிர்த்தலாம். இதை அறியாமல் வழமையான விலகல் என்று நினைத்து அசைத்தால், சில வாரங்களில் நடுமூட்டு மடங்கியும் நுனி பின்னால் வளைந்தும் விரல் கோணிவிடும். அதை நிமிர்த்துவது மிகக் கடினம்.

ஆகவே விரல் எந்தப் பக்கம் விலகியது என்பது முக்கியமான தகவல். மைதானத்தில் இழுத்துவிட்ட பிறகு அது யாருக்கும் தெரியாது. கையில் போன் இல்லாத இளைஞர் இன்று இல்லை. விலகிய விரலைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி. ஏற்கெனவே இழுத்தாயிற்று என்றால், நடுமூட்டைத் தானாக நிமிர்த்த முடிகிறதா என்று வைத்தியர் சோதிக்கவேண்டும்.

பெருவிரலின் அடி

பெருவிரல் மணிக்கட்டோடு சேரும் மூட்டு, முறிவில்லாமல் விலகுவது மிக அரிது. இதன் விசேடம், பல வேளைகளில் அது தானாகவே திரும்பி இடத்துக்கு வந்துவிடும். எக்ஸ்ரேயும் சரியாகவே இருக்கும். ஆனால் மூட்டைப் பிடித்த நார் அறுந்திருப்பதால், கிள்ளிப் பிடிக்கும்போது, போத்தல் மூடி திறக்கும்போது, கழன்று போவதுபோல் இருக்கும். இரண்டு கைகளையும் ஒரே மாதிரி வைத்து எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியலாம். உறுதியில்லாத மூட்டைக் கம்பியால் அல்லது நாரைச் சீர்செய்து நிலைப்படுத்துவார்கள்.

விழுந்த முதல் மணித்தியாலத்தில்

மோதிரம், காப்பு, கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். கை இருக்கும் நிலையிலேயே மட்டைப்பெட்டித் துண்டு அல்லது மடித்த பத்திரிகை வைத்துக் கட்டி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். ஐஸ் வைப்பதென்றால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உருவவோ, இழுக்கவோ, எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

விரல்கள் விறைத்தால், வெளிறி அல்லது நீலம் பாரித்துக் குளிர்ந்தால், மூட்டுக்கு மேல் தோல் கிழிந்திருந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விடியும்வரை காத்திருக்கக்கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வைத்தியசாலையில் கேட்கவேண்டியவை

வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பணிவாகக் கேட்கலாம். அக்காவின் அனுபவத்துக்குப் பிறகு நான் ஊரில் எல்லோருக்கும் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, எப்படி விழுந்தீர்கள் என்பதை முழுமையாகச் சொல்லுங்கள். “கை நோகுது” என்பதைவிட, “மோட்டார் சைக்கிளில் இருந்து எறியப்பட்டு உள்ளங்கை ஊன்றி விழுந்தேன்” என்பது வைத்தியரின் யோசனையை மாற்றும்.

இரண்டு, எந்த விரல் விறைக்கிறது என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வைத்தியருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாவிட்டால், விரலைத் தொட்டுக் காட்டுங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த தாதி ஒருவரின் உதவியைக் கேளுங்கள்.

மூன்று, “பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

நான்கு, முறிவில்லை என்று சொல்லப்பட்டாலும், “எத்தனை நாளில் திரும்ப வந்து காட்டவேண்டும்?” என்று கேளுங்கள். ஒரு வாரம் கடந்தும் வீக்கமும் வலியும் குறையவில்லை, கையைப் பொத்த முடியவில்லை, விறைப்பு இருக்கிறது என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எக்ஸ்ரே படத்தையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைத்திருங்கள். படத்தைப் போனிலும் எடுத்து வையுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பலருடைய கைகால்களைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் மணிக்கட்டுக்குள் கவிழ்ந்த என்பைக் கையால் தடவி அறிய முடியாது. நெரிந்துகொண்டிருக்கும் நரம்பின்மேல் இறுக்கிக் கட்டுவது கெடுதல். எக்ஸ்ரே எடுத்து விலகல் இல்லை என்று உறுதியான பிறகு எங்கே போவது என்பது உங்கள் விருப்பம். அதற்கு முன் வேண்டாம்.

உடம்பில் உலோகம் உள்ளவர்களுக்கு

நம்மில் பலருடைய உடம்பில் செல் துண்டுகளும் சன்னங்களும் இன்னும் இருக்கின்றன. எக்ஸ்ரேக்கும் சீ.ரி. ஸ்கேனுக்கும் அவை தடையல்ல. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பலமான காந்தத்தால் இயங்குவது. இரும்பு கலந்த துண்டு அதற்குள் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள், மூளைக்கு அருகில், இரத்தக்குழாய்க்கு அருகில் இருந்தால் பெரிய ஆபத்து. நார்களைப் பார்ப்பதற்காக எம்.ஆர்.ஐ. எழுதப்பட்டால், உடம்பில் உலோகம் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

சிலர் இதை மறைக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். கேள்விகள் வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அது எப்படி வந்தது, எந்த நேரத்தில் வந்தது என்று நீங்கள் விளக்கவேண்டியதில்லை. “உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது, இந்த இடத்தில்” என்றால் போதும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

இன்னொரு விடயம், ஒரு காலோ ஒரு கையோ இல்லாதவர்களுக்கானது. சத்திரசிகிச்சைக்குப் பின் மணிக்கட்டில் பல வாரங்களுக்குப் பாரம் கொடுக்க முடியாது. இரண்டு காலும் உள்ளவருக்கு அது ஒரு கஷ்டம். ஊன்றுகோலில் நடப்பவருக்கு அது நடையே நின்றுபோவது. சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கும் அப்படித்தான். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே இதை வைத்தியரிடம் சொல்லுங்கள். முன்கையைத் தாங்கும் வகை ஊன்றுகோல், தற்காலிகமாக ஒரு சக்கர நாற்காலி, கழிப்பறைக்குப் போக உதவி, இவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும். இயன்மருத்துவப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின் கட்டில்லாத விரல்களை அவர்கள் சொல்லும் அளவுக்கு அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பழைய காயங்கள்

2009 இன் முதல் மாதங்களில் உயிர் தப்பியதே பெரிது. விரல் கோணியதையோ மணிக்கட்டு வளையாததையோ அப்போது யார் பார்த்தார்கள்? பிறகு முகாம், மீள்குடியேற்றம், வீடு, பிள்ளைகள். கை அப்படியே பழகிவிட்டது. இப்போது காட்டிப் பயன் உண்டா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

பல வருடங்கள் கழிந்தால் விலகிய மூட்டைத் திருப்பி வைப்பது பெரும்பாலும் சாத்தியமில்லை. அதற்காக ஒன்றும் செய்யமுடியாது என்று அர்த்தமில்லை. நரம்பின் நெரிவை எடுக்கலாம். வலிக்கும் மணிக்கட்டில் ஒரு வரிசை என்புகளை நீக்கி அசைவை ஓரளவு காப்பாற்றலாம். மூட்டை அசையாதபடி பொருத்திவிட்டால் வளைவு போகும், ஆனால் வலி குறைந்து பிடி பலப்படும். எது பொருத்தம் என்பது நீங்கள் அந்தக் கையால் என்ன செய்யவேண்டும் என்பதைப் பொறுத்தது. ஆகவே கிளினிக்கில் வலியை மட்டும் சொல்லாமல் உங்கள் வேலையையும் சொல்லுங்கள்.

அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நான்காவது வாரத்துக்குள் போனபடியால் கையைத் திறந்து என்பைத் திருப்பி வைக்க முடிந்தது. இரண்டு மாதம் கம்பிகளோடு இருந்தார். அந்த இரண்டு மாதமும் பதினான்கு வயது மகள்தான் சமைத்தாள், அம்மாவுக்குப் பொய்க்கால் பூட்டிவிட்டாள், பாதி நாட்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. முதல் நாளே பிடிபட்டிருந்தாலும் கம்பியும் கட்டும் இருந்திருக்கும். ஆனால் நரம்பு 24 நாட்கள் நெரிந்துகிடந்திருக்காது.

ஏழாவது மாதம் திரும்பவும் மெசினில் உட்கார்ந்தார். மணிக்கட்டு மற்றதைப்போலப் பாதிதான் வளைகிறது. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் உணர்வு வந்துவிட்டது. நடுவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது.

போனமுறை நான் போனபோது பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். “முந்தி நாளுக்கு ஐஞ்சு சட்டை, இப்ப ரெண்டு” என்றார். பிறகு, பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளால் விழுந்து கை வீங்கியிருப்பதாகவும், தாய் எண்ணெய் போட வெளிக்கிட்டதாகவும் சொன்னார்.

“நான் விடேல்லைத் தம்பி. முதல்ல போய்ப் படம் எடுங்கோ, சரிச்சும் ஒண்டு எடுக்கச் சொல்லுங்கோ எண்டு அனுப்பிப்போட்டன்.”